மாதவிடாய் வலியும் கணவரின் பொறுப்பும்
(குடும்ப நல அமர்வில் நிகழ்த்திய உரை)



இது மேடையில் பேசும் விஷயமா, பெண்கள் பகுதியில் மட்டும் சொல்லிவிட்டுப் போகலாமே என்று சிலர் கேட்டார்கள். ஆண்களும் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த அமர்வை இரு பக்கத்துக்கும் சேர்த்தே வைத்தோம். குர்ஆன் மாதவிடாயை உபாதை என்றுதான் குறிப்பிடுகிறது. நாம்தான் அதை ஒன்றுமில்லை என்கிறோம்.

சில மாதங்களுக்கு முன் நம் மருத்துவ உதவிப் பிரிவுக்கு ஒரு தம்பதியர் வந்தார்கள். அவர்கள் சம்மதத்தோடுதான் சொல்கிறோம். நிக்காஹ் ஆகி ஐந்து வருடம், பிள்ளை இல்லை. சகோதரருக்கு சவூதியில் வேலை. மாதவிடாய் வந்தால் அந்தச் சகோதரி இரண்டு நாள் எழுந்திருக்க மாட்டார், வாந்தியும் வரும். "எங்களுக்கெல்லாம் வரலையா? ஒரு பிள்ளை பெத்தா சரியாப் போயிடும்" என்பார் மாமியார். போனில் மச்சானிடம் சொன்னால், "மாத்திரை போட்டுட்டுப் படு" என்பார். லீவில் அவர் ஊருக்கு வந்தால் தாம்பத்தியத்திலும் வலி. அதைச் சொல்ல வெட்கப்பட்டு அவர் ஒதுங்கினார். தன்னைப் பிடிக்கவில்லை என்று கணவர் நினைத்துக்கொண்டார். பேச்சு ஜமாஅத் வரை போக இருந்தது.

நோயின் பெயர் எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உட்படலம் போன்ற திசு, கருப்பைக்கு வெளியே சினைப்பை, கருக்குழாய், குடல் பக்கங்களில் வளர்கிறது. அங்கே அழற்சி உண்டாகி, உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும் உண்டு. டாக்டர்கள் 'சாக்லேட் கட்டி' என்பது இதனால் சினைப்பையில் வரும் கட்டியைத்தான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது. சாதாரண ஸ்கேனில் தெரியாமலும் போகலாம். ஆகவே 'ஸ்கேன் நார்மல்' என்றதும், பெண் நடிக்கிறாள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பிள்ளை பெற்றால் நோய் போய்விடும் என்பதும் சரியில்லை.

அடுத்த லீவில் அந்தச் சகோதரர் வராந்தாவில் உட்காராமல் மனைவியோடு டாக்டர் அறைக்குள் போனார். டாக்டர் தாளில் படம் போட்டு விளக்கினார். வெளியே வந்தவர் வெகுநேரம் பேசவில்லையாம். பிறகு, "இத்தனை வருஷமா?" என்று மட்டும் கேட்டாராம். வீட்டுக்குப் போய் உம்மாவிடம் அவரே விஷயத்தைச் சொன்னார். மருமகள் நூறு தடவை சொன்னது ஏறாத காதில், மகன் ஒரு தடவை சொன்னது ஏறியது. நியாயமா என்றால் இல்லைதான். ஆனாலும் நடப்பு அதுதான்.

இப்போது அவர் மறுபடி சவூதியில். வலி வரும் நாட்களை மனைவி வாய்ஸ் மெசேஜில் சொல்ல, அவர் காலண்டரில் குறிக்கிறார். டாக்டருக்கு அந்தக் குறிப்பு ரொம்ப உதவுகிறதாம். உறவில் "இன்னைக்கு வேண்டாம்" என்ற சொல்லுக்கு அர்த்தம் வலி என்று இருவருக்கும் தெரியும். வலிக்குக் கொடுக்கும் ஹார்மோன் மாத்திரைகள் பெரும்பாலும் கருத்தரிப்பைத் தள்ளிப்போடும். முதலில் வலியா, பிள்ளையா என்பதை இருவரும் பேசித்தான் டாக்டரிடம் சொல்ல முடியும். இவர்கள் முதலில் வலி என்று முடிவெடுத்தார்கள். பிள்ளை இன்னும் இல்லை. அதைப் பற்றி வீட்டில் யாரும் அந்தப் பெண்ணைக் கேட்பதில்லை.

இன்னொன்று: பிள்ளை இல்லையென்றால் விந்துப் பரிசோதனை கணவருக்கும் உண்டு. முகம் சுளிக்க வேண்டாம்.

கணவர் வெளிநாட்டில் இருந்தால் நம் பெண் தொண்டர் ஒருவர் துணைக்கு வருவார். டாக்டர் சொல்வதைக் கணவர் போனில் கேட்கவும் ஏற்பாடு செய்வோம். பழைய ஸ்கேன், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள். படிவம் இரண்டு பக்கத்திலும் இருக்கிறது.