வாக்காளர் பட்டியலில் அவர்களின் பெயரும் வேண்டும்



ஊர் திரும்பும் உங்கள் குடும்பங்கள் சிலவற்றில் புனர்வாழ்வு பெற்ற முன்னாள் போராளிகளும் இருக்கிறார்கள். "இவர்களுக்கு இனி அரசியல் எதற்கு?" என்று பயப்படாதீர்கள்.

1971இலும் 1987-89இலும் ஆயுதம் ஏந்தியது மக்கள் விடுதலை முன்னணி. இரண்டாவது கிளர்ச்சியில் மாத்தளையும் பல பிள்ளைகளை இழந்தது. அதே கட்சி 1994இல் தேர்தலுக்குத் திரும்பியது. 2024இல் அதன் தலைவர் வாக்குகளால் ஜனாதிபதியானார். 2015இல் முன்னாள் புலிப் போராளிகளும் யாழ்ப்பாணத்தில் தேர்தலில் நின்றார்கள். வெல்லவில்லை, ஆனாலும் மக்களிடம் வாக்குக் கேட்டார்கள்.

வாக்காளர் பதிவுக்காகக் கிராம சேவகரிடம் போகும்போது அவர்களையும் கூட்டிப் போங்கள். அடையாள அட்டை இல்லையென்றால் அதையும் அவரிடம் கேளுங்கள். ஊர்ச் சங்கக் கூட்டத்தில் அவர்களுக்கும் ஒரு கதிரை போடுங்கள். யாருக்கு வாக்களிப்பது என்பது அவரவர் முடிவு.