தாயின் இதயம் களைக்கும்போது

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் ஒழுங்கு செய்த நலவாழ்வுக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



குப்பி விளக்கில் படித்த தலைமுறை நாம். உயர்தர வகுப்பில் உயிரியல் ரீச்சர் சந்தையிலிருந்து ஓர் ஆட்டிதயம் வாங்கிவந்து, வாழையிலையில் வைத்துப் பிளந்து காட்டியது எமது வகுப்பில் ஒருவருக்கும் மறந்திருக்காது. "இது ஒரு பம்பி, பிள்ளையள். கிணத்தடியில் இருக்கிற பம்பியை விடத் திறமான பம்பி" என்றார். அவர் சொன்னது சரிதான். பொத்திய கை அளவான இந்த உறுப்பு ஒரு நாளில் ஏறக்குறைய 1 இலட்சம் தடவை துடிக்கிறது. ஓய்வாக இருக்கும்போதே நிமிடத்துக்கு 5 லீற்றர் இரத்தத்தை இறைக்கிறது. அந்தப் பம்பி களைத்துப் போனால் என்ன நடக்கும், அதை எப்படிக் கண்டுபிடிக்கிறோம், இன்றைக்கு என்ன செய்ய முடிகிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

அதற்கு முன் ஒரு கதை சொல்ல வேண்டும். எம்முடன் ஒரே வாங்கில் இருந்து படித்த தோழி ஒருத்தியின் கதை. அவரின் அனுமதியுடன், பெயர் சொல்லாமல் சொல்கிறோம்.

14 வருடங்களுக்கு முன் அவருக்கு முதற்பிள்ளை பிறந்தது. இரண்டு கிழமை கழித்து இரவில் தொலைபேசி எடுத்தார். "எடியே, மூச்சு வாங்குது. சரிஞ்சு படுக்க ஏலாமல் கிடக்கு. காலும் வீங்கியிருக்கு" என்றார். அப்போது நாம் வேறொரு மாவட்டத்தில் வேலை. விடுதியில் நின்றபடி பதில் சொன்னோம்: "பிள்ளை பெத்த உடம்பெல்லே. இரத்தம் குறைஞ்சிருக்கும். இரும்புக் குளிசையை ஒழுங்காய்ப் போடு, நித்திரை கொள்." வீட்டிலும் மாமியார் அதைத்தான் சொல்லியிருந்தார். மாமியார் வைத்தியம் படிக்கவில்லை. நாம் படித்திருந்தோம்.

பிள்ளை பிறந்து 19 ஆம் நாள் குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்தார். குழந்தையை நிறுத்துப் பார்த்தார். பிறகு தாயைப் பார்த்தார். கதிரையில் நிமிர்ந்திருந்தபடியே தாய் தூங்கி விழுவதைக் கண்டு, "ஏன் பிள்ளை, கட்டிலில் படுக்கிறேல்லையோ?" என்று கேட்டார். "படுத்தால் மூச்சு முட்டும்" என்றதும் நாடியைப் பிடித்து எண்ணினார். அரை மணித்தியாலத்துக்குள் வாகனம் பிடித்து வைத்தியசாலைக்கு அனுப்பிவிட்டார். அங்கே எக்கோ பரிசோதனையில் தெரிந்தது, தோழியின் இதயம் தன்னிடம் நிறையும் இரத்தத்தில் 25 வீதத்தை மட்டுமே வெளியேற்றுகிறது என்று. சாதாரண இதயம் பாதிக்கு மேல் வெளியேற்றும்.

இந்த நோய்க்குப் பெயர் பேறுகால இதயத்தசை நோய். கர்ப்பத்தின் கடைசி மாதத்திலோ பிரசவத்துக்குப் பிந்திய 5 மாதங்களுக்குள்ளோ, வேறு காரணம் எதுவும் இல்லாமல் இதயத்தசை பலவீனமடைவது. அடிக்கடி காணும் நோயன்று. ஆனால் இலங்கையில் தாய்மார் இறப்பதற்கான முக்கிய காரணங்களுள் இதயநோய்களும் ஒன்று என்பதை நாம் மறக்கக் கூடாது. இரட்டைப் பிள்ளைகள், கர்ப்பகாலத்து உயர் குருதியமுக்கம், 30 வயதைக் கடந்த கர்ப்பம் ஆகியவை இந்த நோய் வரும் சாத்தியத்தைக் கூட்டுகின்றன.

ஏன் வருகிறது? 2007 இல் ஜேர்மனியில் ஆய்வாளர் டெனிஸ் ஹில்ஃபிக்கர்-கிளைனர் குழுவினர் முக்கியமான ஒரு துப்பைக் கண்டார்கள். பால் சுரக்கச் செய்யும் புரோலக்ரின் என்ற ஓமோன், சில தாய்மாரின் உடலில் உடைந்து, நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சிதைக்கும் துண்டாக மாறுகிறது. அப்படியானால் புரோலக்ரினைத் தடுக்கும் புரோமோகிரிப்ரின் மருந்து உதவுமா? 2010 இல் தென்னாபிரிக்காவில் கரன் ஸ்லீவா குழுவினர் 20 தாய்மாரில் அதைச் சோதித்தனர். மருந்து பெற்ற 10 பேரில் ஒருவரும், பெறாத 10 பேரில் நால்வரும் 6 மாதங்களுக்குள் இறந்தனர். 2017 இல் ஜேர்மனியில் 63 பேருடன் நடந்த ஆய்வில் ஒரு கிழமை கொடுத்தவர்களுக்கும் 8 கிழமை கொடுத்தவர்களுக்கும் இதயம் பெரும்பாலும் நன்றாகத் தேறியது. ஆனால் அந்த ஆய்வில் மருந்தே பெறாத பிரிவு இருக்கவில்லை. ஆகவே இது நம்பிக்கை தரும் வழி என்று சொல்லலாம். முடிந்த முடிபு என்று சொல்ல முடியாது. இந்த மருந்து பால் சுரப்பை நிறுத்தும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தையும் கூடவே கொடுக்க வேண்டும்.

இன்னொரு துப்பு மரபணுவில் கிடைத்தது. 2016 இல் வெளியான ஆய்வொன்று இந்த நோய் வந்த 172 பெண்களைப் பரிசோதித்தது. அவர்களில் 15 வீதமானவர்களிடம், பரம்பரையாக வரும் இதயத்தசை நோய்களில் காணும் அதே வகை மரபணுப் பிறழ்வுகள் இருந்தன. ஆகவே, "அம்மம்மாவும் பிள்ளை பெற்ற கையோடு போனவ" என்று வீட்டில் யாராவது சொன்னால், அதை விதியின் கதையாகக் கேட்டுவிட்டுப் போகாதீர்கள். கிளினிக்கில் சொல்லுங்கள். அது மருத்துவத் தகவல்.

மரபணு பற்றிப் பேசும்போது எமது பிரதேசத்துக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். 2009 இல் தென்னிந்திய விஞ்ஞானிகளின் பங்களிப்புடன் வெளியான ஆய்வொன்று, இதயத்தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப் போன பிறழ்வைப் பற்றிப் பேசியது. இந்திய உபகண்டத்து மக்களில் ஏறக்குறைய 4 வீதமானவர்களிடம் அது இருக்கிறது. பயப்பட வேண்டாம். அது உள்ள எல்லோருக்கும் நோய் வருவதில்லை என்பதைப் பின்வந்த ஆய்வுகள் தெளிவாக்கியுள்ளன. ஆனால் குடும்பத்தில் ஒருவருக்கு இதயத்தசை நோய் என்றாலோ, இளவயதில் ஒருவர் திடீரென இறந்தாலோ, உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் ஈ.சி.ஜி., எக்கோ செய்து பார்ப்பது அவசியம்.

இனிப் பொதுவான இதயச் செயலிழப்புக்கு வருவோம். பெயரைக் கேட்டதும் இதயம் நின்றுவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. உடலுக்கு வேண்டிய அளவு இரத்தத்தை இதயத்தால் கொடுக்க முடியவில்லை என்பதே பொருள். இதில் இரண்டு பெரிய வகைகள் உண்டு. ஒன்று, இதயம் பலவீனமாகிச் சுருங்க முடியாமற் போவது. மற்றது, சுருங்குவது சரியாக இருந்தும், இதயம் விறைப்பாகி, தளர்ந்து நிறைய முடியாமற் போவது. இந்த இரண்டாவது வகை பெண்களிடம், விசேடமாக உயர் குருதியமுக்கமும் நீரிழிவும் உடற்பருமனும் உள்ள வயது வந்த பெண்களிடம் அதிகம். வெளியேற்றும் வீதம் சாதாரணமாக இருப்பதால், "எக்கோ நல்லாயிருக்கு, உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று திருப்பி அனுப்பப்படுவதும் இவர்கள்தான்.

இங்கேதான் ஓர் எளிய இரத்தப் பரிசோதனை கைகொடுக்கிறது. 1988 இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் பன்றியின் மூளையில் ஒரு புரதத் துண்டைக் கண்டார்கள். அதனால் அதற்கு மூளையின் பெயரையே வைத்தார்கள், சுருக்கமாக பி.என்.பி. உண்மையில் அதைப் பெருமளவில் சுரப்பது இதயம் என்பது பிறகுதான் தெரியவந்தது. இதயச் சுவர் இழுபட்டுச் சிரமப்படும்போது இது இரத்தத்தில் கூடுகிறது. 2002 இல் வெளியான ஆய்வில், மூச்சுத்திணறலுடன் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 1586 பேரில் இதைச் சோதித்தார்கள். காரணம் இதயமா, வேறொன்றா என்பதை இந்தப் பரிசோதனை மட்டுமே 83 வீதம் சரியாகச் சொன்னது. "முட்டு வருத்தம்" என்று வருடக்கணக்காக மருந்து இழுப்பவர்களில் சிலருக்கு உண்மையில் களைத்திருப்பது இதயமாக இருக்கலாம்.

சிகிச்சைக்கு வருவோம். எமது அம்மம்மாமார் காலத்தில் இதயச் செயலிழப்புக்கு இருந்தவை டிஜிட்டாலிஸ் மருந்தும், நீரை வெளியேற்றும் மருந்துகளும், படுக்கையும்தான். 1987 இல் நோர்டிக் நாடுகளில் மிகக் கடுமையான நிலையிலிருந்த 253 நோயாளரில் எனலாப்ரில் சோதிக்கப்பட்டது. 6 மாதங்களில் போலிக்குளிசை பெற்றவர்களில் 44 வீதமானோர் இறந்தனர்; எனலாப்ரில் பெற்றவர்களில் 26 வீதமானோர். அடுத்தது பீற்றா தடுப்பான். பலவீனமான இதயத்துக்கு அதைக் கொடுக்கவே கூடாது என்று பாடப்புத்தகங்கள் சொன்ன காலத்தில், 1975 இல் சுவீடனில் 7 பேருக்குத் துணிந்து கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் தேறினார்கள். உலகம் அதை ஏற்க 1999 வரை சென்றது. அந்த வருடம் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளும் மரணத்தை 34 வீதம் குறைத்துக் காட்டின. அதே வருடம் ஸ்பைரோனோலக்ரோன் 30 வீதம் குறைத்தது. 2014 இல் எனலாப்ரிலையும் விஞ்சிய ஒரு கூட்டு மருந்து வந்தது.

நாலாவது தூண் எவரும் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1835 இல் ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருள், சீனியைச் சலத்துடன் வெளியேற்றும் என்று அறிந்திருந்தார்கள். அந்த வழியில் உருவான நீரிழிவுக் குளிசைகள்தான் டபாகிளிஃப்ளோசினும் எம்பாகிளிஃப்ளோசினும். 2019 இல் 4744 இதயச் செயலிழப்பு நோயாளரில், டபாகிளிஃப்ளோசின் நோய் மோசமடைவதையும் இதயநோய் மரணத்தையும் சேர்த்து 26 வீதம் குறைத்தது. நீரிழிவு இல்லாதவர்களுக்கும் அதே பயன் கிடைத்தது. 2021 இல் எம்பாகிளிஃப்ளோசின், நாம் முன்னர் சொன்ன அந்த விறைப்பான இதய வகையிலும் பயன் தந்தது. அதுவரை அந்த வகைக்கு உறுதியான மருந்து எதுவும் இருக்கவில்லை.

மருந்துகள் இருந்தால் போதாது, வேகமும் வேண்டும். 2022 இல் வெளியான ஆய்வொன்றில், வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பிய இரண்டு கிழமைக்குள் மருந்துகளை முழு அளவுக்கு உயர்த்தி, அடிக்கடி கிளினிக்குக்கு அழைத்துப் பார்த்தார்கள். 180 நாட்களில் மரணமும் மீள் அனுமதியும் 23.3 வீதத்திலிருந்து 15.2 வீதமாகக் குறைந்தன. ஆகவே முதல் மாதத்துக் கிளினிக் நாளைத் தவறவிடாதீர்கள்.

சுகம் வந்தபின் குளிசையை நிறுத்தலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். 2019 இல் இலண்டனில் இதயம் முற்றாகத் தேறிய 51 பேரில் இதைச் சோதித்தார்கள். மருந்தை நிறுத்தியவர்களில் 44 வீதமானோருக்கு 6 மாதத்துக்குள் நோய் திரும்பியது. ஆகவே நீங்களாக நிறுத்த வேண்டாம். கர்ப்பம் தரிக்க விரும்புகிறவர்கள் முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். இந்த மருந்துகளில் பல, வயிற்றிலுள்ள பிள்ளைக்குக் கூடாதவை.

இன்னொரு குறையையும் பெண்கள் கூடிய இந்தச் சபையில் சொல்லியாக வேண்டும். பலவீனமான இதயம் பற்றிய இந்தப் பெரிய ஆய்வுகள் பலவற்றில் பெண்கள் ஐந்தில் ஒருவர் அளவே. ஆண்களில் அளந்த அளவைப் பெண்களுக்கும் கொடுத்து வந்திருக்கிறோம். பெண்கள் விதந்துரைத்த அளவின் பாதியிலேயே கூடிய பயனைப் பெறக்கூடும் என்று 2019 இல் ஐரோப்பிய ஆய்வொன்று சுட்டியது. இதைக் கேட்டுவிட்டு வீட்டில் குளிசையைப் பாதியாக உடைக்காதீர்கள். ஆனால் ஓர் ஆய்வில் சேரும்படி உங்களை அழைத்தால், கேட்டறிந்து யோசியுங்கள். நாம் சேராவிட்டால் எமக்கான பதிலும் கிடைக்காது.

இப்போது வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியவை. படுத்தால் மூச்சு முட்டி, தலையணை ஒன்று இரண்டாகி மூன்றாகிறதா? நடு இரவில் மூச்சுத்திணறி எழும்புகிறீர்களா? கால் வீங்குகிறதா? சில நாட்களில் 2 கிலோ நிறை ஏறியதா? பிள்ளை பெற்றவராக இருந்தாலும், பேரப்பிள்ளை கண்டவராக இருந்தாலும், அது வெறும் களைப்பல்ல. வைத்தியரிடம் போய், "இது இதயமாக இருக்குமோ?" என்று வாய் திறந்து கேளுங்கள். மூச்சுத்திணறல் கடுமையானால் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். 35 வயதைக் கடந்தவர்கள் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போய்க் குருதியமுக்கத்தையும் சீனியையும் பாருங்கள். கருவாட்டையும் ஊறுகாயையும் மோர்மிளகாயையும் குறையுங்கள். 31 ஆம் நாள் துடக்குக் கழிவுக்குப் பிள்ளை பார்க்கப் போகும்போது, குழந்தையைக் கொஞ்சிவிட்டு, தாயிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: "இரவில் படுக்க ஏலுதோ?"

எமது தோழிக்கு என்ன நடந்தது? ஒரு வருடத்தில் அவரின் இதயம் 50 வீதத்தை எட்டியது. ஆனால் இரண்டாவது பிள்ளை பற்றிக் கேட்டபோது, 2001 இல் வெளியான ஆய்வை அவருக்கு விளக்க வேண்டியிருந்தது: இதயம் தேறிய பெண்களிலும் ஐந்தில் ஒருவருக்கு அடுத்த கர்ப்பத்தில் இதயச் செயலிழப்பு திரும்பியது. தேறாதவர்களில் சிலர் இறந்தும் போனார்கள். அவரும் கணவரும் பல நாட்கள் யோசித்து, ஒரு பிள்ளை போதும் என்று முடிவெடுத்தார்கள். அது இலேசான முடிவல்ல. அன்றிரவு தொலைபேசியில் நாம் சரியாகக் கேட்டிருந்தால் 5 நாட்கள் முந்தியிருக்கலாம் என்ற எண்ணம் எம்மை விட்டு இன்னும் போகவில்லை. அதை அவரிடம் சொன்னபோது, "அப்ப இனி மற்றாக்களிட்டைச் சரியாய்க் கேள்" என்றார். அதனால்தான் நூற்றாண்டு விழாவில் என்ன பேசுவது என்று சங்கத்தினர் கேட்டதும் இந்தத் தலைப்பைச் சொன்னோம்.

அவர் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறார். காலைக் குளிசைகளைப் போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார். சற்று முன் கல்லூரிக் கீதம் பாடிய பிள்ளைகளுள் அவரின் மகளும் ஒருத்தி.

எமக்குக் கேள்வி கேட்கப் பழக்கியது இந்தக் கல்லூரி. அந்தப் பழக்கத்தை எமது உடம்பின் விடயத்திலும் கைவிடாதிருப்போம்.