கையெழுத்துக்கு முன் கேள்வி
(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காய்ச்சல் இல்லை. ஆனாலும் காலில் ஊசி குத்தியதுபோல் சிவப்புப் புள்ளிகள், அடிபடாமலே கன்றல், பல் முரசில் இரத்தக் கசிவு, மாதவிடாயில் மிகுந்த இரத்தப்போக்கு. இப்படி இருந்தால் அரைப் பேர் போனாலும் பரவாயில்லை, ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சோதிக்கச் சொல்லுவோம். டெங்குவில் மட்டுமல்ல, 'ஐ.டி.பி.' என்ற நோயிலும் குருதிச் சிறுதட்டுக்கள் குறையும்.

நம் உடம்பைக் காக்க வேண்டிய பிறபொருளெதிரிகளே தட்டுக்களில் ஒட்டிக்கொள்ள, மண்ணீரல் அவற்றை அழித்துவிடுகிறது. ஒன்றரை இலட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய எண்ணிக்கை முப்பதாயிரத்துக்கும் கீழே இறங்கலாம்.

இதற்கு எஃப்கார்டிகிமோட் என்றொரு மருந்து வந்திருக்கிறது. அதுவே பிறபொருளெதிரியின் ஒரு துண்டுதான். கெடுதல் செய்யும் எதிரிகள் உடம்பில் நீண்டநாள் தங்காமல் கழிந்துபோகச் செய்கிறது. பல நாடுகளில் 131 நோயாளர்களிடம் 24 வாரம் அதைச் சோதித்தார்கள். சிலருக்கு மருந்து, சிலருக்கு வெற்றுத் திரவம். யாருக்கு எது என்று நோயாளருக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. நீண்டகால நோயாளர்களில் மருந்து பெற்ற 78 பேரில் 17 பேருக்குத் தட்டுக்கள் உயர்ந்து நிலைத்தன. வெற்றுத் திரவம் பெற்ற 40 பேரில் 2 பேருக்கு மட்டுமே. இம்முடிவு 2023இல் வெளியானது. அதே ஆண்டில், அந்த மருந்தைத் தோலுக்கடியில் ஏற்றிய இன்னொரு பரிசோதனை தன் முக்கிய இலக்கை எட்டவில்லை என்றும் அறிவித்தார்கள்.

78இல் 17 என்றால் பெரும்பாலானோருக்குப் பலன் நிலைக்கவில்லை. ஆனாலும் அந்த நோயாளர்கள் தங்கள் உடம்பைக் கொடுத்ததால்தான் உலகுக்கு உண்மை தெரிந்தது. அதுவும் உழைப்புத்தான். உழைப்பு என்றால் உரிமையும் உண்டு.

1964ஆம் ஆண்டின் ஹெல்சிங்கிப் பிரகடனம் அதைத்தான் சொல்கிறது: விளங்கப்படுத்தாமல், சம்மதம் பெறாமல் எவரையும் சோதிக்கக்கூடாது. வாசிக்கத் தெரியாத மொழியில் வந்த தாள்களுக்குக் கைநாட்டு வைத்தே பழகியவர்கள் நாம். ஆகவே எந்தப் பரிசோதனைக்கு யார் அழைத்தாலும் நாம் கேட்க வேண்டியவை:

தமிழில் விளங்கப்படுத்துவீர்களா?
எனக்கு வெற்று மருந்து கிடைக்கலாமா?
கெடுதல் வந்தால் வைத்தியச் செலவு யாருடையது?
நடுவில் விலகினால் வழக்கமான சிகிச்சை தொடருமா?
மருந்து பலித்தால் முடிவிலே எங்களுக்கும் கிடைக்குமா?

பதில் கிடைத்த பிறகு விரும்பினால் சேருவோம், விருப்பமில்லையென்றால் மறுப்போம். இரண்டும் நம் உரிமை. தெரியாமல் வைக்கும் கையெழுத்து சம்மதம் ஆகாது.