தஃப்தரும் திறவுகோலும்
(ஆண்டுப் பொதுக்குழுவில் நிர்வாகக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்கை உங்கள் முன் வைக்கிறோம். இவ்வாண்டு மற்றொரு கணக்கையும் ஒப்படைக்கக் கடமைப்பட்டுள்ளோம். நமது நிகாஹ் தஃப்தர்களும் வக்ஃபுப் பத்திரங்களும் மையவாடிப் பதிவேடும் எங்கே, எவர் பொறுப்பில் உள்ளன என்பதே அது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் ஆவணங்களை இழந்தோருக்காக அரசு சிறப்பு முகாம்களே நடத்த வேண்டியதாயிற்று. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் நமது திருவண்ணாமலை மலைச்சரிவு சரிந்து, வ.உ.சி. நகரில் எழுவர் மாண்ட துயரத்தை நாம் மறக்கவில்லை. உயிரின் முன் காகிதம் பெரிதன்று. எனினும் எஞ்சியிருப்போரின் உரிமைக்குக் காகிதமே சாட்சி. 2025 ஜூன் 6 அன்று மத்திய அரசு தொடங்கிய ‘உமீத்’ இணையதளத்தில் வக்ஃபு விவரங்களை ஆறு மாதத்திற்குள் பதிவேற்ற வேண்டியிருந்தபோது, பழைய பத்திரங்களைத் தேடி இரும்புப் பீரோவைக் கிளறியதும் நினைவிருக்கும்.

ஆகவே, நம் இளைஞர்கள் ஓர் இணையச் செயலியை உருவாக்கி, அதனைக் கிளவுட் சேமிப்பகத்துடன் இணைத்தனர். அதன் இயக்கம் எளிதே. செயலியின் தரவுத்தளத்தில் பெயர், ஆண்டு, பக்க எண், கோப்பின் முகவரி ஆகியவை மட்டுமே இருக்கும். தஃப்தர் பக்கத்தின் படம் தொலைவிலுள்ள சேமிப்பகத்தில் தங்கும். செயலி தன் இரகசியத் திறவுகோலைக் காட்டினால்தான் சேமிப்பகம் கோப்பைத் தரும். அமேசான் நிறுவனம் 2006இல் தொடங்கிய எஸ்3 முதல் இன்று பல நிறுவனங்கள் இச்சேவையை அளிக்கின்றன.

இங்கே எங்கள் பிழையொன்றை மறைக்க விரும்பவில்லை. சோதனை நாட்களில், வேலை விரைவாக முடியட்டும் என்று சேமிப்பகத்தை எவரும் பார்க்கும் வகையில் திறந்து வைத்தோம். முகவரி தெரிந்தால் போதும். கடவுச்சொல் இன்றியே ஒரு குடும்பத்தின் நிகாஹ் பக்கம் திறந்தது. மாணவர் ஒருவர் சுட்டிக்காட்டினார்; அன்றே மூடினோம். நம் வீட்டுப் பெண்களின் பெயரும் முகவரியும் மஹர் தொகையும் அடங்கிய பக்கம் அது. பீரோவைத் தெருவில் திறந்து வைப்போமா?

அன்று முதல் நான்கு விதிகளைக் கடைப்பிடிக்கிறோம். முதலாவது, சேமிப்பகம் என்றும் பூட்டியே இருக்கும். உரியவர் கேட்டால் சில நிமிடங்களில் காலாவதியாகும் இணைப்பைச் செயலி வழங்கும். இரண்டாவது, திறவுகோலைச் செயலியின் நிரலுக்குள் எழுதுவதில்லை; வழங்கியில் தனியே வைத்து, குறித்த காலத்தில் மாற்றுகிறோம். அதற்குக் கோப்பை எழுதவும் படிக்கவும் மட்டுமே அனுமதி, அழிக்க அனுமதியில்லை. மூன்றாவது, சேவைக் கணக்கு தனிநபர் பெயரில் அன்றி ஜமாஅத்தின் பெயரில் உள்ளது. நிர்வாகம் மாறும்போது கணக்குப் புத்தகத்துடன் அதுவும் கைமாறும். நான்காவது, மற்றொரு பிரதி வேறிடத்தில் இருக்கும்.

நான்காவது விதி ஏன் என்பீர்கள். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசுத் தரவு மையம் தீப்பிடித்தது. அரசு ஊழியர்களின் கோப்புகள் 858 டெராபைட் அழிந்தன. வெளியே பிரதி இல்லை. வல்லரசுகளுக்கு நிகரான தொழில்நுட்பம் கொண்ட நாட்டிற்கே இந்நிலை எனில், நாம் எம்மாத்திரம்? மூலத் தஃப்தரும் பீரோவிலேயே பத்திரமாக இருக்கும்.

கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைக்கப் பணிக்கும் மார்க்கம் நம்முடையது. எழுதியதைக் காப்பதும் அமானிதமே. கோப்பு எங்கோ இருக்கலாம். பொறுப்பு நம்மிடமே இருக்கிறது.

உங்கள் குடும்பப் பதிவு சரியாக உள்ளதா என்று அலுவலகத்திற்கு வந்து ஒருமுறை பார்த்துச் செல்லுமாறு அன்புடன் வேண்டுகிறோம். குறை காணின் தயங்காமல் கூறுங்கள். சென்ற முறை அவ்வாறு கூறியவரால்தான் நாம் காக்கப்பட்டோம்.