தூக்கமும் அமானிதமே
(ரமளானுக்கு முன் ஒலக்கூரில் நம் டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)

 

முதலில் எங்கள் தவறு ஒன்றை ஒப்புக்கொள்கிறோம். சென்ற ஆண்டு ரமளான் ஏற்பாட்டுக் கூட்டத்தைப் பகல் 12 மணிக்கு வைத்தோம். ஒரகடம் பக்கம் இரவு ஷிஃப்ட் பார்த்துவிட்டுக் காலையில்தான் படுத்த பிள்ளைகளை வீடு வீடாகப் போய் எழுப்பினோம். வராதவர்களைச் சோம்பேறிகள் என்றும் பேசினோம். பிறகு ஒரு தாய் வந்து, "மகன் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான், ஓதிப் பார்க்கணுமா?" என்று கேட்டார். எத்தனை மணி நேரம் தூங்குகிறார் என்று விசாரித்தோம். நான்கு மணி நேரம்கூட இல்லை.

நம் மூளையில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, அல்லாஹ் ஒரு சிறு கடிகாரத்தை வைத்திருக்கிறான். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன், வெயிலும் கடிகாரமும் எட்டாத தனியறையில் ஆட்களைத் தங்கவைத்து இதை ஆராய்ந்தார். இத்தகைய ஆய்வுகளில், மணி தெரியாதபோதும் தூக்கமும் விழிப்பும் மாறி மாறி வந்தன. ஒரு நாளின் நீளம்தான் பொதுவாக 24 மணி நேரத்தைத் தாண்டியது. அந்த மிச்சத்தைத் தினமும் திருத்துவது முக்கியமாகக் காலை வெளிச்சம். சுபுஹு தொழுதுவிட்டுச் சற்று நடப்பவருக்கு அது சும்மா கிடைக்கிறது.

சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் இருக்கும் சுரப்பி, இந்தக் கடிகாரத்தைப் பார்த்தே கார்டிசாலைச் சுரக்கிறது. மன அழுத்த ஹார்மோன் என்று அதற்குப் பெயர் கெட்டுவிட்டது. அது இல்லாமல் நம்மால் எழுந்து நிற்க முடியாது. நள்ளிரவை ஒட்டி மிகவும் குறைந்து, விடிவதற்குள் ஏறி, விழித்த முக்கால் மணிக்குள் உச்சத்தைத் தொடும். ஷிஃப்ட் வாராவாரம் மாறினால் இந்த ஏற்ற இறக்கம் குழம்பும். அப்போது சின்னச் சொல்லும் பெரிதாகச் சுடும். ஓதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜன்னலுக்குக் கனத்த துணியும் போடுங்கள், அவர் தூங்கும்போது மிக்ஸியை ஓட்டாதீர்கள்.

தராவீஹ் முடிந்து சஹர்வரை டீக்கடையிலும் செல்போனிலும் கழிக்கும் வாலிபர்களே, இஷாவுக்குப் பின் வீண்பேச்சை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். பகலில் கைலூலா இருக்கிறது. அரை மணி போதும்.

இன்னொன்று. மூச்சிரைப்புக்கோ மூட்டுவலிக்கோ ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் நம்மில் உண்டு. கார்டிசால் காலையில் ஏறுவதால்தான் அந்த மாத்திரையையும் பெரும்பாலும் காலையில் தருகிறார்கள். நோன்பு என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பல வாரம் சாப்பிட்டவர் திடீரென்று விட்டால், ஓய்ந்திருந்த சுரப்பி உடனே வேலைக்குத் திரும்பாது. ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இப்போதே டாக்டரிடம் கேளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது.

இந்த ஆண்டுக் கூட்டம் அஸருக்குப் பின். இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்களின் பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள். பகலில் அந்த வீட்டுக் கதவை எங்கள் ஆட்கள் தட்டமாட்டார்கள்.