வரிக்குதிரை மீனும் கஞ்சாவும்



கஞ்சாவைப் பற்றி ஆராயும் விஞ்ஞானிகளுக்குப் பெருந்துணை புரிந்துவரும் ஒரு சிறு மீனைப் பற்றி இன்று சொல்ல விரும்புகிறேன். அது சுண்டுவிரல் நீளங்கூட இராது. கங்கைச் சமவெளியின் ஓடைகளும் நெல்வயல்களும் அதன் தாயகம். உடலில் நீலக் கோடுகள் ஓடுவதால் வரிக்குதிரை மீன் என்பர்.

மீனுக்கும் கஞ்சாவுக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். கஞ்சாவில் போதை தரும் முதன்மையான பொருளை 1964இல் இஸ்ரேல் நாட்டு மெக்கூலமும் கவோனியும் தூய நிலையில் பிரித்தெடுத்தனர். டெட்ராஹைட்ரோகன்னாபினால் என்னும் அப்பொருள், மூளையின் நரம்பணுக்களிலுள்ள ஒருவகை ஏற்பிகளைப் பற்றிக்கொண்டே தன் வேலையைச் செய்கிறது. அந்த ஏற்பிகள் கஞ்சாவுக்கென்று அமைந்தவை அல்ல. நம் உடலே ஆக்கிக்கொள்ளும் பொருள்களுக்காக அமைந்தவை. அவற்றுள் ஒன்றை 1992இல் கண்டறிந்தவர்கள், நமக்கெல்லாம் பழக்கமான 'ஆனந்தம்' என்னும் சொல்லைக்கொண்டே அதற்கு ஆனந்தமைடு என்று பெயரிட்டார்கள்! அதே வகை ஏற்பி இம்மீனின் மூளையிலும் இருக்கிறது.

பேசாத மீனிடம் விடை பெறுவது எப்படி? புதிய தொட்டியில் விட்டால் மீன் அஞ்சி அடியிலேயே ஒதுங்கும். சில நிமிடங்களில் அச்சம் தெளிந்து மெல்ல மேலே வரும். மருந்து கலந்த நீரில் இருந்த மீனையும் வெறும் நீரில் இருந்த மீனையும் இவ்வாறு விட்டு ஒப்பிடுகின்றனர். இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். அசையாதிருக்கும் மீன் அமைதி அடைந்திருக்கிறதா, அஞ்சி உறைந்திருக்கிறதா, மயங்கிச் சோர்ந்திருக்கிறதா? பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. ஆகையால் அது நீந்திய தொலைவையும் வேகத்தையும்கூட அளந்த பின்னரே முடிவு கூறுவர்.

இம்மீனின் முட்டையோ கண்ணாடி போன்றது. உள்ளே இதயம் துடிப்பதை உருப்பெருக்கியில் நேரே காணலாம். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார், கரு அடுக்கடுக்காக உருப்பெறத் தொடங்கும் பருவத்தில், 5 மணி நேரம் மட்டும் முட்டைகளைக் கஞ்சாப் பொருள் கலந்த நீரில் வைத்துப் பின்பு தூய நீருக்கு மாற்றினர். 2018இல் வெளியான முடிவுகளின்படி, குஞ்சுகளின் இதயத் துடிப்பு குறைந்தது. தசைகளை இயக்கும் நரம்புகளின் கிளைகள் மாறுபட்டன. ஒலி கேட்டுத் துள்ளுவதும் குறைந்தது. போதை தராத கன்னாபிடியால் என்னும் பொருளும் இவ்வாறே தீங்கு செய்தது என்பதுதான் எனக்கு மிகுந்த வியப்பைத் தருகிறது.

நீரில் கரைத்த அளவும் தாயின் இரத்தத்தில் கலக்கும் அளவும் ஒன்றல்ல. மீன் குஞ்சுக்கு நேர்ந்தது மனிதக் குழந்தைக்கும் அப்படியே நேரும் என்று யாரும் துணிந்து கூறவில்லை. ஆயினும் மனிதக் கருவில் அதற்கு ஒத்த பருவம் மூன்றாம் வாரத்தில் வருகிறது. அப்பொழுது தாய்மார் பலருக்குத் தாம் கருவுற்றிருப்பதே தெரிந்திராது.