கையெழுத்திட்ட கூலியும் கைக்கு வந்த கூலியும்



நினைவுச் சொற்பொழிவில் நீதிமன்றத் தீர்ப்புகளைப் பேசலாமா என்று அமைப்பாளர்களிடம் கேட்டேன். "அவர் கடைசிவரை பேசியது கூலியைத்தானே, பேசுங்கள்" என்றார்கள்.

என் அம்மா நடவுக்குப் போனவர். கூலி நெல்லாக வரும். மரக்கால் பண்ணையாருடையது, அளக்கும் கையும் அவருடையது. தலை தட்டி அளந்தால் எங்கள் வீட்டில் ஒரு வேளைச் சோறு குறையும். கூலி எவ்வளவு என்ற கேள்விக்குள் யார் அளப்பது என்ற கேள்வி இருக்கிறது என்பதை நான் அங்கேதான் கற்றேன்.

அந்த அளவை முதலாளியின் கையிலிருந்து சட்டத்தின் கைக்கு மாற்றத்தான், தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கர் 1946 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலி மசோதாவைக் கொண்டுவந்தார். 1948இல் அது சட்டமானது. உடனே முதலாளிகள் நீதிமன்றம் போனார்கள். 1954இல் அஜ்மீர் பிஜய் பஞ்சாலை வழக்கில், குறைந்த கூலிக்கே வேலை செய்யத் தயார் என்று தொழிலாளர் சிலரே சொன்னார்கள். உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வறுமையில் இருப்பவர் தரும் சம்மதத்தைக் காட்டிச் சட்டத்தைத் தாண்ட முடியாது என்பதே அதன் பொருள்.

1982இல் டெல்லியில் ஆசிய விளையாட்டுக்காகக் கட்டடங்கள் எழுந்தன. நாள் கூலி 9 ரூபாய் 25 காசு. அதில் ஒரு ரூபாயை ஆள்பிடிக்கும் ஜமேதார் எடுத்துக்கொள்வார். கைக்கு வந்தது 8 ரூபாய் 25 காசு. ஒரு ரூபாய்தானே என்று உச்ச நீதிமன்றம் விடவில்லை. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே ஒருவர் உழைக்கிறார் என்றால் பசி அவரைக் கட்டாயப்படுத்துகிறது. ஆகவே அது அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பு என்றார் நீதிபதி பகவதி. நம் ஊர்ச் சொல்லில் சொன்னால், வெட்டி வேலை. தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் பிரிவைப் போலவே இதையும் தனியாருக்கு எதிராகவும் நிலைநாட்டலாம் என்றது அந்தத் தீர்ப்பு. சேரிக்கு இது இரண்டு தனிச் செய்தி அல்ல.

அடுத்த ஆண்டு ராஜஸ்தான் வழக்கு. பஞ்ச நிவாரணச் சாலைப் பணி. நாளுக்கு 7 ரூபாய் தர வேண்டும். கூட்டமாக வேலையை அளந்து பங்கிட்டதில் பலருக்கு அதுவும் வரவில்லை. நிவாரணம் என்பதற்காகக் குறைக்க முடியாது, பட்டினியை அரசே லாபமாக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது.

இவ்வளவு நல்ல தீர்ப்புகள் இருந்தும் ஏன் கூலி வந்து சேரவில்லை?

நம் மாநிலத்தையே பாருங்கள். தையல் தொழிலாளருக்கு 2014இல் அரசு கூலியை உயர்த்தியது. ஆலை உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் உயர்வு செல்லும், நிலுவையும் தர வேண்டும் என்றது. உயர்வு 30 விழுக்காடு வரை. வெற்றிதான். ஆனால் இடையில் ஆலை மாறியவர், திருமணமாகி ஊர் திரும்பியவர், சம்பளச் சீட்டே பார்க்காதவர் எதைக் காட்டி நிலுவை கேட்பார்? வழக்கு நடக்கும் காலம் முதலாளிக்கு வட்டியில்லாக் கடன். தொழிலாளிக்கு அது கந்துவட்டிக் காலம்.

கூலி ஏறினால் வேலை போகும் என்று பயமுறுத்துவார்கள். அந்தப் பயம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். வேலையை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்கு மருந்து சங்கம்; குறைந்த கூலி அல்ல.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு வேலை வைக்கிறேன். உங்கள் தெருவில் துப்புரவுக்கும் தையலுக்கும் செங்கல் சூளைக்கும் போகிறவர்களிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: எவ்வளவுக்குக் கையெழுத்துப் போட்டீர்கள்? எவ்வளவு கைக்கு வந்தது? தேதியோடு எழுதி வையுங்கள். 1948 சட்டம் உரிமை கோர 6 மாதம்தான் தந்தது; 2019 ஊதியச் சட்டத் தொகுப்பு 3 ஆண்டு தருகிறது. அந்த நோட்டுதான் நாளைக்குச் சாட்சி.

மரக்கால் இனி நம் கையிலும் இருக்கட்டும். ஜெய்பீம்.